கடல் கடக்கும் எச்சரிக்கை

2004 டிசம்பர் 26 அன்று இந்தோனேசியாவின் சுமத்ராவருகே கடலடியில் நேர்ந்த பூகம்பத்தின் பேரலைகள், முன்னறிவிப்பு ஏதுமின்றி மரக்காணத்து உப்பளக் கரையோரக் குப்பங்களில் வந்து மோதியதைக் கண்ட நாம், அத்தேசத்துக்கு யாத்திரை புறப்படுகையில் அரசாங்க எச்சரிக்கையை அலட்சியம் செய்வது தகாது. ஆயினும், கிழக்கு மேற்காகச் சுமார் 5,000 கிலோமீட்டர் பரந்த அத்தீவுக் கூட்டம் முழுவதற்கும் ஓர் அறிக்கையைப் பொருத்தி அஞ்சுவதும் விவேகமன்று. எந்தத் தீவு, எந்த மலை, எத்தனை கிலோமீட்டருக்குள் அபாயம் என்றே முதலில் பார்க்க வேண்டும். தூரமும் சில சமயம் காவாது: 2024 நவம்பரில் ஃபுளோரஸ் தீவின் லெவோதோபி எரிமலை கக்கிய சாம்பலால், வெகு தொலைவிலுள்ள பாலியின் விமானங்கள் பல ரத்தாயின. அங்கே எரிமலை எச்சரிக்கைக்கு நான்கு படிகள், உச்சப்படி 'அவாஸ்'. பொரொபுதூர் தரிசனத்துக்குச் செல்லும் அன்பர்கள், அருகிலுள்ள மெராபி எரிமலை எந்தப் படியில் இருக்கிறதென்று, புறப்படும் வாரத்தில் மறுபடியும் விசாரித்துக்கொள்ள வேண்டுகிறேன்.