ஓயாத மனச்சுமை



பதவி உயர உயரக் கவலையும் உயரும் என்பது நம்மிடையே நெடுநாளாக நிலவும் எண்ணம். மாரடைப்புப் பெரிய உத்தியோகத்தரையே நாடி வரும் என்று கருதினோரும் பலர். இவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

1967ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் வைற்ஹோல் பகுதியில் அரசாங்க சேவை புரிந்த 17,000க்கும் மேற்பட்ட ஆண்களை மருத்துவ அறிஞர் ஆராயத் தொடங்கினர். அவர்கள் யாவரும் நிலையான தொழிலுடையோர். ஆயினும், ஏழரை ஆண்டுகள் கழிந்தபோது, கடைப்படியில் நின்ற ஊழியரிடையே இருதய நோயால் நேர்ந்த இறப்பு விகிதம், உச்சியிலிருந்த நிர்வாகிகளிடையே கண்டதினும் மூன்று மடங்குக்கு மேலாக இருந்தது. புகைத்தலும் குருதி அமுக்கமும் இவ்வேற்றுமையில் ஒரு பகுதியையே விளக்கின.

எஞ்சியதற்கு விடை காண, 1985இல் பேராசிரியர் மைக்கல் மாமற் தலைமையில், பெண்களையும் உட்படுத்தி இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கிற்று. தம் வேலையை எவ்வாறு செய்வதென்று தாமே தீர்மானிக்கும் உரிமை குன்றியோரிடம் இருதய நோயும் உளநோயும் மிகுந்திருக்கக் கண்டனர்.

இஃது எவ்வாறு நேர்கின்றது? ஆபத்து வந்துற்றால், சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலின், கோட்டிசோல் என்னும் ஓமோன்களைச் சுரக்கின்றன. இருதயம் விரைந்து துடிக்கின்றது. குருதியில் வெல்லம் ஏறுகின்றது. வெறிநாய் துரத்தும்போது இவ்வேற்பாடு உயிர்காக்கும். ஓடித் தப்பியதும் அடங்கும். ஆனால், அச்சமும் அவமதிப்பும் நாள்தோறும் தொடருமாயின், அஃது அடங்க இடமேது? காலப்போக்கில் குருதிக்குழாய்கள் பழுதுறும்; நித்திரை குலையும்; நோயெதிர்ப்பு ஆற்றல் தளரும்; ஞாபகம் மங்கும்; மனம் சோரும்.

பாடசாலை அதிபராகிய நான், என் சுமையே பெரிதென்று எண்ணியிருந்தேன். களைத்தால் கதவைச் சாத்திச் சற்று இளைப்பாற என்னால் இயலும். என் மணியோசைக்குச் செவிசாய்த்து வெளியே நிற்கும் சிற்றூழியருக்கு அஃது இயலுமா? இதனை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

நல்லுறக்கம், உடற்பயிற்சி, மனந்திறந்து பேச ஒரு நண்பர் ஆகியன யாவர்க்கும் வேண்டியனவே. ஆனால், மேலிருப்போருக்கு மற்றுமொரு கடமை உண்டு. கட்டளையிடுமுன் காரணம் கூறுவோம். செய்பவரின் கருத்தையும் கேட்போம். பலர் முன்னிலையில் கடிந்துரைப்பதைத் தவிர்ப்போம். இதற்குச் செலவு யாதுமில்லை. இதனால் பிறர் ஆயுள் நீளவுங்கூடும்.