ஓராண்டு கழித்துக் கல்லூரி மாறுவோர்



பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பது என்னும் பேச்சு எழாத வீடு இன்று அரிது. பெயரன் பெயர்த்தியர் கடல் கடந்து வாழும் வீடுகளில் அப்பேச்சு அமெரிக்கக் கல்லூரிகளின் தரவரிசையில் போய் நிற்கிறது. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றுக்கான வழிகளைப் பலரும் அறிவர். சட்டக் கல்வியின் வழி அவ்வளவாக அறியப்படவில்லை. அதிலும், ஒரு சட்டக் கல்லூரியில் முதலாண்டை முடித்துவிட்டு, அதனினும் உயர்வாக மதிக்கப்படும் மற்றொன்றுக்கு மாறிச் செல்லும் வழக்கம் பெற்றோர் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கும். அவ்வாறு மாறுவோர் பெறுவது எது, விட்டுச் செல்வது எது என்பதே இவ்வுரையின் பொருள்.

அந்நாட்டில் சட்டம் பயில விரும்புவோர் முதலில் நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடிக்கின்றனர். அதன்பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. சேர்க்கையின்போது இளங்கலை மதிப்பெண்ணும், எல்சாட் என்னும் நுழைவுத் தேர்வும் பெரிதும் நோக்கப்படுகின்றன. உள்ளே நுழைந்தபின், ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், சொத்துச் சட்டம், குற்றவியல், உரிமையியல் நடைமுறை என முதலாண்டுப் பாடங்கள் எல்லாக் கல்லூரிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. ஓரிடத்துப் படிப்பை மற்றோரிடம் ஏற்றுக்கொள்வதற்கு இவ்வொற்றுமையே வழி செய்கிறது.

முதலாண்டின் கடுமையைத் தனியே சொல்லவேண்டும். பல பாடங்களுக்குப் பருவ இறுதியில் நடக்கும் ஒரே தேர்வுதான் அளவுகோல். விடைத்தாளில் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். உயர்ந்த மதிப்பெண் இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பைக் கல்லூரியே விதித்துவிடுகிறது. ஆகவே ஒருவர் எவ்வளவு நன்றாக எழுதினார் என்பதைக் காட்டிலும், பக்கத்தில் இருந்தவர்களைவிட எவ்வளவு நன்றாக எழுதினார் என்பதே அங்குக் கணக்கு. பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் இரண்டாமாண்டுக் கோடைக்குரிய பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த முதலாண்டு மதிப்பெண் ஒன்றே. அக்கோடைப் பணிதான் பலருக்குப் பின்னர் நிலையான வேலையாகிறது.

இப்போது ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். எல்சாட் தேர்வில் அவர் சற்றுச் சறுக்கியதால் நடுத்தரக் கல்லூரி ஒன்றில்தான் இடம் கிடைத்தது. ஆனால் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்து அக்கல்லூரி அவரை வரவேற்றது. ஆண்டு முடிவில் வகுப்பின் முதல் சிலருள் ஒருவராக நிற்கிறார். உயர்ந்த கல்லூரிகளின் கதவு இப்போது அவருக்குத் திறக்கக்கூடும். விண்ணப்பத்துடன் தமக்குக் கற்பித்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். தம்மை வளர்த்தவரிடமே சென்று, தாம் பிரிந்து செல்வதற்கு உதவும் கடிதத்தைக் கேட்கவேண்டிய நிலை அது. பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்தே எழுதித் தருகின்றனர் என்பது அத்தொழிலின் பெருமை.

உயர்ந்த கல்லூரி அவரை ஏற்பதற்குத் திறமையை மதிப்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. யு.எஸ். நியூஸ் என்னும் இதழ் 1987இல் சட்டக் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தியது. 1990 முதல் ஆண்டுதோறும் அப்பட்டியல் வெளிவருகிறது. அதில் கணக்கிடப்படும் நுழைவு மதிப்பெண்கள் முதலாண்டில் புதிதாகச் சேர்வோருடையவை மட்டுமே. இரண்டாமாண்டில் வந்து சேர்பவரின் பழைய எல்சாட் மதிப்பெண் அக்கணக்கில் வாராது; அவர் செலுத்தும் கட்டணமோ குறைவின்றி வந்துசேரும். வாசலில் ஏற்க மறுத்த அதே பிள்ளையை ஓராண்டு கழித்துப் பக்கவாயில் வழியாக அழைத்துக்கொள்வதில் கல்லூரிக்கு இழப்பேதும் இல்லை. ஜார்ஜ்டவுன் போன்ற புகழ்பெற்ற கல்லூரிகள் இவ்வாறு மிகப்பலரைச் சேர்த்துக்கொள்கின்றன. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் நீங்கினர் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிடவேண்டும் என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி. பெற்றோர் முதலில் பார்க்கவேண்டிய தாள் அதுவே. அத்தரவரிசையின் உச்சியில் இருந்த யேல் கல்லூரியே 2022 நவம்பரில், இனி அதற்குத் தகவல் தருவதில்லை என அறிவித்ததையும், ஹார்வர்டு உடனே அவ்வழியில் சென்றதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இனி, விட்டுச் செல்வது. கட்டணத் தள்ளுபடி பழைய கல்லூரியோடு நின்றுவிடுகிறது. மாறி வருவோருக்குப் புதிய இடத்தில் உதவித்தொகை கிடைப்பது அரிது. எஞ்சிய இரண்டாண்டும் கடனில் கழியக்கூடும். அதைவிட நுண்ணிய இழப்பொன்று உண்டு. முடித்த பாடங்களைப் புதிய கல்லூரி ஏற்றுக்கொள்ளும். மதிப்பெண்களைப் பெரும்பாலும் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்த முதலிடம் அவருக்கு வழி திறந்ததோ, அந்த முதலிடம் வழியிலேயே நின்றுவிடுகிறது. புதிய வகுப்பில் நட்பு வட்டங்கள் முன்பே அமைந்திருக்கும். சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் பழைய இடத்தில் உறுதியாகக் கிடைத்திருக்கக்கூடிய இருக்கைக்குப் புதிய இடத்தில் மீண்டும் போட்டியிடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரைப் பெயர் சொல்லி அறிந்த ஆசிரியர் அங்கு ஒருவரும் இரார்.

இந்தக் கடைசி இழப்பின் எடை என்ன என்பதை ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் வாழ்க்கை காட்டுகிறது. அவருடைய மாற்றம் தரவரிசை கருதியதன்று. முதலாண்டுக்குப் பின் நிகழ்ந்ததும் அன்று. 1956இல் கைக்குழந்தையோடு ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்த வகுப்பில் பெண்கள் ஒன்பதின்மரே. ஆடவர் ஒருவரின் இடத்தை ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று கல்லூரித் தலைவர் அப்பெண்களைக் கேட்ட காலம் அது. அங்கேயே பயின்றுவந்த கணவர் மார்ட்டினைப் புற்றுநோய் தாக்கியபோது, அவருடைய வகுப்புக் குறிப்புகளையும் திரட்டித் தட்டச்சு செய்து தந்தபடியே தம் படிப்பிலும் முன்னின்றார். ஆய்விதழிலும் இடம் பெற்றார். கணவர் பட்டம் பெற்று 1958இல் நியூயார்க்கில் வேலைக்குச் சென்றார். கடைசி ஆண்டை அந்நகரத்துக் கொலம்பியாவில் படித்துவிட்டு ஹார்வர்டின் பட்டத்தையே பெற அனுமதி கேட்டார் ரூத். ஹார்வர்டு மறுத்தது. இரண்டாண்டு உழைத்த இடத்தின் பட்டத்தைத் துறந்து, குடும்பத்தோடு அவர் சென்றார்.

கொலம்பியாவில் அவர் 1959இல் முதலிடத்தை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டார். இரண்டு பெருங்கல்லூரிகளின் ஆய்விதழ்களிலும் இடம் பெற்றவர் அவர். இருந்தும் நியூயார்க்கின் வழக்கறிஞர் நிறுவனங்கள் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. யூதர், பெண், குழந்தையின் தாய் என்னும் மூன்று தடைகளை இரண்டு கல்லூரிகளின் பெயரும் சேர்ந்தும் தகர்க்க இயலவில்லை. ஹார்வர்டிலிருந்து பரிந்துரை சென்றும், உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்ஃபர்ட்டர் அவரை உதவியாளராக ஏற்கவில்லை.

கதவைத் திறந்தவர் ஓர் ஆசிரியர். கொலம்பியாவில் ஓராண்டே அவரைக் கண்டிருந்த பேராசிரியர் ஜெரால்டு கந்தர், மாவட்ட நீதிபதி எட்மண்ட் பால்மியேரியிடம் விடாது வாதாடினார். இவர் சரிவரவில்லையென்றால் ஓர் ஆடவரை மாற்றாக அனுப்புவதாக வாக்களித்தார். ஏற்க மறுத்தால் இனிக் கொலம்பியா மாணவர் எவரையும் பரிந்துரைப்பதில்லை என்றும் எச்சரித்தார். நீதிபதி இணங்கினார். அங்கு ரூத் இரண்டாண்டு பணியாற்றினார்.

ஓராண்டுக்குள் அப்படி ஓர் ஆசிரியர் அமைந்தது அவருக்கு வாய்த்தது. மாற நினைக்கும் இன்றைய மாணவி, தமக்காக அவ்வாறு தொலைபேசியை எடுக்கக்கூடியவர் எந்தக் கல்லூரியில் இருக்கிறார் என்பதையும் கட்டணக் கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டே மீதமுள்ள புதிய இடத்தில் அவரைத் தேடிக்கொள்ள முதல் வாரத்திலிருந்தே முனையவேண்டும்.

ரூத் கின்ஸ்பர்க் 1972இல் அதே கொலம்பியாவில் நிலையான பேராசிரியப் பதவி பெற்ற முதற்பெண் ஆனார். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பட்டம் மறுத்த ஹார்வர்டு 2011இல் அவரை அழைத்து மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 78.