துரு எழுதிய கணக்கு



கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மாட்டுக்கொட்டகையின் பின்புறம் பழைய இரும்புகள் கிடக்கும்: அடி ஓட்டையான சால், அச்சு இறுகிய உருளை, ஒருபுறம் தேய்ந்த கொழு. பழைய இரும்பு வாங்குவோர்க்கு அவை வெறும் எடை. கவிஞர்க்கு அவை யாவை?

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்திற்கு மின்சாரம் வந்தது. பின்வந்த ஆண்டுகளில் கிணறுகளில் மோட்டார்கள் பொருத்தப்பட்டன. கவலை இறைத்த எருதுகள் ஓய்ந்தன. வடமும் வால்கயிறும் இற்றன. தோலாலான தும்பி மட்கியது. இரும்புச் சால் எஞ்சியது.

துருவின் செம்மையும் செம்மண்ணின் செம்மையும் இரும்பு உயிர்வளியோடு கூடியதால் விளைந்தவை. துருப்பிடிக்கும் இரும்பு மண்ணின் நிறத்திற்கே மீள்கிறது. அந்நிறத்தினும் அழகியது தேய்மானம். கொழு தேய்ந்த அளவு, உழுத நிலத்தின் கணக்கு. உருளையில் வடம் அறுத்த தடம், எருதும் ஆளும் பட்ட பாட்டின் வடு. அப்பாட்டை மறைத்து அழகை மட்டும் பாடும் கவிதை பொய்த்துவிடும்.

விற்ற இரும்பு உலையில் உருகி மீண்டும் இரும்பாகும். சொல்லுக்கு அத்தகைய உலை இல்லை. சால், தும்பி, வால்கயிறு என்னும் பெயர்கள் பொருளோடு அகன்றுவிடும். கவலை இறைத்த முதியோர் சிலர் இன்னும் உளர். தராசு வருமுன் கவிஞர் அவர்களிடம் செல்க, ஒவ்வோர் இரும்பின் பெயரையும் வேலையையும் கேட்டறிக, பின்னர்ப் பாடுக.