இரவு 2 மணிக்கு உங்கள் அலுவலகம் எத்தனை யூனிட்?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024 ஜூலை–செப்டம்பர் காலாண்டுக் கூட்டத்தில், அலுவலகக் கட்டடங்களின் மின் பராமரிப்பில் பணிபுரியும் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது.)

இங்கே இருப்பவர்களில் பலர் ஐ.டி. நிறுவனங்களிலும் வங்கிகளிலும் வேலை செய்கிறீர்கள். சிலர் அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். அதனால்தான் செயலாளர் எனக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தார்: டிஜிட்டல் வசதிகளைக் கொண்டு அலுவலக ஊழியர்களை மின்சாரம் சேமிக்க வைப்பது எப்படி?

பல நிறுவனங்கள் முதலில் செய்வது, வரவேற்பறையில் பெரிய திரை மாட்டுவது. கட்டடம் இன்று இத்தனை ஆயிரம் யூனிட் என்று அதில் ஓடும். ஒரு வாரம் எல்லோரும் பார்ப்பார்கள், பிறகு யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். என் மேசைக்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாதபோது யார் எழுந்து போய் சுவிட்சை அணைப்பார்கள்? அந்தத் திரையும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

மாடிக்கு ஒரு சப்-மீட்டர் வைத்து, இரவு 2 மணிக்கு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஆளில்லாத நேரம் அது. ஒரு டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 80 வாட் என்று வைத்துக்கொள்வோம். 100 கணினிகள், 12 மணி நேரம்: 96 யூனிட். ஒரே இரவில்! நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அரசு இலவசமாகத் தருவதே 100 யூனிட்தான்.

இதை மாதக் கடைசி மெயிலில் அனுப்பிப் பயனில்லை. மாலை ஆறு மணிக்கு, பையை எடுக்கும் நேரத்தில், அந்த மாடிக்காரர்களின் குழுவுக்கு ஒரு வரி போதும்: ‘நேற்றிரவு நம் மாடி 96 யூனிட்’. ஸ்கிரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். இல்லை, மானிட்டர் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ‘ராத்திரி அப்டேட் போட வேண்டும், அணைக்காதீர்கள்’ என்று ஐ.டி. பிரிவு சொன்னால், வேக்-ஆன்-லேன் வசதியைக் கேளுங்கள். தூங்கும் கணினியைத் தேவையான நேரத்தில் அவர்களே எழுப்பிக்கொள்ளலாம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்களுக்கு இன்னொன்று. நாற்பது பேர் நான்கு மாடிகளில் சிதறி உட்கார்ந்தால் நான்கு மாடிக்கும் ஏ.சி. ஓட வேண்டும். இருக்கை பதிவு செய்யும் செயலி, முதல் மாடி நிரம்பிய பிறகே அடுத்த மாடியைத் திறக்கும்படி அமைக்கப்பட்டால் மற்ற மூன்றையும் மூடிவிடலாம். என்னைக் கேட்டால், கணினியை அணைப்பதைவிட இதில்தான் சேமிப்பு அதிகம்.

ஆனால் இங்கேதான் எச்சரிக்கையும் தேவை. 2016 ஜனவரியில் லண்டனில் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழ் ஊழியர்கள் வேலைக்கு வந்தபோது, மேசைக்கடியில் சிறு பெட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று வெப்பத்தையும் அசைவையும் வைத்துக் கண்டறியும் கருவிகள். மின்செலவைக் குறைக்கத்தான் என்றது நிர்வாகம். யார் நம்புவார்கள்? பத்திரிகையாளர் சங்கம் எதிர்த்தது. அன்றைக்கே கருவிகளைக் கழற்ற வேண்டியதாயிற்று. மின்சாரக் கணக்கு என்று சொல்லி வருகைப் பதிவேடு எடுக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் எந்தச் செயலியைக் கொண்டுவந்தாலும் ஊழியர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் இப்படி ஏதாவது வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். கணக்கு மாடிக்கா, ஆளுக்கா? அதை யார் யார் பார்ப்பார்கள்?

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் அலுவலகத்தின் ஏ.சி. செலவு நம் மீட்டருக்கு வந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடுகிறது. ரீடிங் எடுத்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை மீட்டரை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த வாரம் எகிறுகிறது என்று தெரிந்துவிடும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளப் ஹவுசில் இருப்பேன். லேப்டாப்பில் ஸ்லீப் நேரம் எங்கே மாற்றுவது என்று தெரியாதவர்கள் கொண்டு வாருங்கள். சார்ஜர் வேண்டாம்.