பட்டனுக்குப் பேர் வெச்சாச்சா?

இன்னைக்கு எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி உங்க ஃபோனைக் கையில எடுங்க. செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டினு ஒரு பகுதி இருக்கும். ஆண்ட்ராய்டுனா அதுக்குள்ள டாக்பேக், ஐபோன்னா வாய்ஸ்ஓவர். எபிசோட் முடிஞ்சதும் அதை ஆன் பண்ணிப் பாருங்க. ஆன் பண்ணதும் ஃபோன் தொடுற விதமே மாறிடும், பதற வேணாம். ஒரு தடவை தொட்டா அங்க என்ன இருக்குன்னு வாசிக்கும், ரெண்டு தடவை தட்டினாதான் அது திறக்கும். வலது பக்கம் தள்ளினா அடுத்தது. பார்வையில்லாதவங்க ஃபோன் பயன்படுத்தறது இப்படித்தான். இந்த வசதிக்கு ஸ்கிரீன் ரீடர்னு பேரு. நம்ம எல்லார் ஃபோன்லயும் இது ஏற்கெனவே இருக்கு. நாமதான் திறந்து பார்த்ததில்ல.

இது எப்பவும் இப்படி இருந்ததில்ல. 1989ல டெட் ஹென்டர்ங்கிற பார்வையற்ற இன்ஜினியர் ஜாஸ்ங்கிற ஸ்கிரீன் ரீடரைக் கொண்டு வந்தாரு. அருமையான மென்பொருள். 2015ல இந்திய வெளியுறவுப் பணிக்குப் போன நம்ம சென்னை பெனோ செஃபைன் படிச்சதும் ஜாஸ் உதவியோடதான். ஆனா அதைத் தனியா காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்துச்சு, அப்போ விலை ஆயிரம் டாலர் பக்கம். நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் விலையை விடவே அது அதிகமா இருந்துச்சு. 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன், ஜேம்ஸ் டேனு பார்வையில்லாத ரெண்டு பேர் சேர்ந்து என்.வி.டி.ஏவை ஆரம்பிச்சாங்க. அது இலவசம், ஓப்பன் சோர்ஸ். 2009ல ஐபோன் 3ஜிஎஸ்ல வாய்ஸ்ஓவர் உள்ளேயே வந்துச்சு. அதே வருஷம் ஆண்ட்ராய்டுல டாக்பேக். அதுக்கப்புறம் எல்லாரும் வாங்கற அதே ஃபோன், அதே விலை, டப்பாவைத் திறந்த நிமிஷத்துல இருந்து பேசும்.

சரி, தமிழ்ல பேசுமா? இதுக்குப் பதில் நம்ம ஓ.எம்.ஆர்லயே இருக்கு. இந்திய மொழிகளுக்குக் குரல் செய்யற கூட்டுத் திட்டம் ஒண்ணு ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில நடந்துச்சு. அதுல தமிழுக்காக வேலை செஞ்ச இடங்கள்ல களவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியும் ஒண்ணு. இப்போ கூகுள் குரல்ல தமிழ் இருக்கு. ஆப்பிளும் 2022ல ஐ.ஓ.எஸ். 16ல தமிழ்க் குரல் கொடுத்துச்சு.

ஆனா தமிழ் வாசிக்கறது மெஷினுக்கு லேசுப்பட்ட வேலை இல்ல. "பாவம்"னு எழுதினா, அது ஐயோ பாவமா, நடனத்துல வர்ற பாவமா? எழுத்து ஒண்ணுதான், உச்சரிப்பு வேற. அதுக்கு மேல நாம வாட்ஸ்அப்ல இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கிறோம். அதை இங்கிலீஷ் குரல் வாசிக்கறதை ஒரு தடவை கேட்டுப் பாருங்க, சிரிப்பு வரும். ஆனா குடும்ப குரூப்ல வர்ற சாவுச் செய்தியும் அப்படித்தான் வாசிக்கப்படும். யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்ல செஞ்ச பி.டி.எஃப். வெறும் குப்பை எழுத்தாத்தான் வரும். ஸ்கேன் பண்ண பி.டி.எஃப்.னா பெரும்பாலும் மௌனம்தான்.

பேச்சு மட்டுமே போதாத ஆட்களும் இருக்காங்க. மாமல்லபுரம் போற வழியில, ஈ.சி.ஆர். முட்டுக்காட்டுல பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கு, 2005ல தொடங்கினது. பார்வையும் செவியும் சேர்ந்து பாதிக்கப்பட்டவங்களுக்கும் அங்க பயிற்சி உண்டு. அவங்களுக்குக் குரல் எதுக்கு? அதனால இதே ஸ்கிரீன் ரீடர் திரையில இருக்கறதை ப்ளூடூத் வழியா ஒரு பிரெய்ல் கருவிக்கு அனுப்பும். புள்ளிகள் மேல எழும்பி விரல்ல தட்டுப்படும். அதோட மாமல்லபுரம் கடைங்கள்ல "ரூபாய் பெறப்பட்டது"னு கத்தற டப்பாவையும் கவனிங்க. கடைக்காரர் ஃபோனைப் பார்க்கவேணாம்னு வந்தது அது. பணம் போய்ச் சேர்ந்துச்சானு பார்வையில்லாத வாடிக்கையாளருக்கும் அதே சத்தம்தான் சாட்சி.

இப்போ சிக்கலுக்கு வர்றேன். எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் செங்கல்பட்டுல இருந்து தினமும் பீச் லோக்கல்ல வேலைக்குப் போறாரு. ஒரு காதுலதான் இயர்ஃபோன், இன்னொரு காது ஸ்டேஷனுக்கு. அவர் ஃபோன் பேசற வேகத்துல எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஒருநாள் ஒரு பேமென்ட் ஆப்பைத் திறந்து காட்டினாரு. "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." அவ்வளவுதான் அது சொல்லுச்சு. "நாலாவது பட்டன்தான் பணம் அனுப்பறதுனு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன் தம்பி. போன வாரம் அப்டேட் வந்துச்சு, வரிசையை மாத்திட்டாங்க"னாரு.

ஸ்கிரீன் ரீடருக்குக் கண்ணு கிடையாது. பட்டன் மேல இருக்கற படத்தை அது சரியா புரிஞ்சுக்கும்னு நம்ப முடியாது. கோடு எழுதறவங்க கொடுக்கற லேபிளைத்தான் அது வாசிக்கும். லேபிள் இல்லைனா பெரும்பாலும் வெறும் "பட்டன்"தான். ஃபோன் கம்பெனி பாதி வேலையைத்தான் செஞ்சிருக்கு. மீதி என்னை மாதிரி டெவலப்பர்ங்க கையில இருக்கு. அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பட்டனுக்கு ஒரு வரி.

இது தயவு தாட்சண்யம் இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கேக்குது. 2025 ஏப்ரல் 30ல உச்ச நீதிமன்றத்துல நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இன்னும் தெளிவாவே சொல்லிடுச்சு. பேங்க் கணக்குத் தொடங்க கேமரா முன்னாடி கண்ணைச் சிமிட்டச் சொல்ற கே.ஒய்.சி. முறையை எதிர்த்த வழக்கு அது. ஆசிட் வீச்சுல முகம் சிதைஞ்சவங்களும் பார்வையில்லாதவங்களும் எப்படிச் சிமிட்டிக் காட்டுவாங்க? டிஜிட்டல் வசதி கிடைக்கறது 21வது பிரிவு தர்ற வாழும் உரிமையோட ஒரு பகுதினு சொல்லி, 20 உத்தரவு போட்டாங்க.

அதனால டெவலப்பர் நண்பர்களே, அடுத்த ரிலீஸுக்கு முன்னாடி டாக்பேக்கை ஆன் பண்ணுங்க, திரையை அணைச்சுட்டு உங்க ஆப்ல நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்க. முடியலைனா அது பக்தான், ரிலீஸைத் தள்ளி வைங்க. டெவலப்பர் இல்லாதவங்க, போட்டோ போடும்போது அதுல என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க, தமிழைத் தமிழ்லயே அடிங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.