பை உள்ளதா, பை இல்லாததா? வேக்குவம் கிளீனர் வாங்கும் முன்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாங்கள் பேசப் போகும் விஷயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். வேக்குவம் கிளீனர். "ஏனுங்க, நம்ம ஊட்டுக்குச் சீமாறு பத்தாதுங்களா?" என்று பின்வரிசையில் ஒரு பெரியம்மா இப்பவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பல்லடம் பக்கத்துக் குழு ஒன்றில் இந்த மெஷினுக்காக உள்கடன் கேட்டு மனு வந்தது. பாதிப் பேர் கொடுக்கலாம் என்றார்கள். பாதிப் பேர் ஆடம்பரத்துக்கெல்லாம் குழுப் பணம் கிடையாது என்றார்கள். வாக்குவாதம் முற்றி, அந்த வாரம் இரண்டு பேர் சந்தாவே கட்டவில்லை. அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

கடன் கேட்ட சகோதரியின் வீட்டுக்குப் போனோம். வீட்டோடு சேர்ந்த தறிக்குடோன். நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவு எப்பவும் திறந்தே இருக்கிறது, ஏனென்றால் நூல் அறுந்தால் ஓடவேண்டும், சோறும் பார்க்கவேண்டும். சுவிட்ச் போர்டு மேலே, சாமி படத்து மேலே, கொசுவலை மேலே எல்லாம் வெள்ளையாகப் பஞ்சுத் தூசி. ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு வீசிங். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள் என்று அந்த அம்மா சொல்லும்போதே அழுதுவிட்டார். இதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

அந்த வீட்டுக்கு ஒரு விற்பனைக்காரர் வந்திருக்கிறார். மெத்தை மேலே மெஷினை ஓட்டி, கண்ணாடி மாதிரி இருக்கும் டப்பாவில் சேர்ந்த தூசியைக் காட்டி, "இதைத்தான்க்கா உங்க பாப்பா தினமும் சுவாசிக்குது" என்று சொல்லியிருக்கிறார். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? "இதுல பை கெடையாதுங்க, பை வாங்கற செலவே இல்லீங்க, ஆயுசுக்கும் ஒரே டப்பா" என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் அந்தச் சகோதரி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி கடனைப் பற்றி இல்லை. "பை வெச்சது நல்லதுங்களா, பை இல்லாதது நல்லதுங்களா?" என்பதுதான்.

இதில் நாங்களே அடிபட்டவர்கள். நம் தையல் பயிற்சி மையத்தில் பிசிறும் துணித் தூசியும் அள்ள, சில வருடம் முன்பு பை இல்லாத மெஷின் ஒன்றை வாங்கினோம். முதல் வாரம் ஜோராக இழுத்தது. அப்புறம் நூலெல்லாம் உள்ளே சுற்றிக்கொண்டு, வடிகட்டி அடைத்து, சத்தம் மட்டும் வந்தது. அதைவிட மோசம், டப்பாவைக் கொட்டும் வேலை. மூடியைத் திறந்து குப்பைத்தொட்டியில் தட்டினால் பாதித் தூசி முகத்துக்கே வருகிறது. அந்த வேலையைச் செய்த தங்கைக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. எங்களுக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. ஒருநாள் கொட்டிவிட்டு வந்து இருமி இருமி உட்கார்ந்தே விட்டாள். அரசு மருத்துவமனையில் ஆவி பிடிக்க வைத்துக் கூட்டி வந்தோம்.

சரி, பை உள்ளதை வாங்குவோம் என்று அடுத்த மெஷின். அதற்குக் காகிதப் பை. கூட வந்த மூன்று பை தீர்ந்ததும் கடையில் போய்க் கேட்டால், அந்த மாடலுக்குப் பை வருவதே நின்றுவிட்டதாம். நாம்தான் தையல்காரர்கள் ஆயிற்றே! காடாத்துணியில் ஒரு பை தைத்து மாட்டினோம். பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் மோட்டார் புகைந்துவிட்டது. துணியின் இழை வழியாக நுண்தூசி போய் மோட்டாரில் ஏறியிருக்கிறது.

இந்தப் பைத் துணி விஷயத்தில் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்று ஒரு துப்புரவுப் பணியாளர் இருந்தார். கடையில் தரைவிரிப்பு பெருக்குவது அவர் வேலை. அவருக்கும் ஆஸ்துமா. பெருக்கும்போது கிளம்பும் தூசி தாங்காமல், ஒரு மின்விசிறி மோட்டார், விளக்குமாற்றுக் கம்பு, ஒரு தலையணை உறை இதையெல்லாம் சேர்த்து மெஷின் ஒன்று செய்தார். 1908-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஹூவர் குடும்பம் அந்த உரிமையை விலைக்கு வாங்கியது, பெயரும் அவர்களுக்கே போயிற்று. கூட்டிப் பெருக்கும் ஒருவர், தன் மூச்சுக்காகச் செய்த சாமான் அது. அதனால் "இது பணக்காரர் வீட்டுப் பொருள்" என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை.

பை இல்லாத மெஷினை நம்மூர் அரிசி ஆலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆலையின் கூரைப் பக்கம் தகரத்தில் பெரிய கூம்பு ஒன்று பார்த்திருப்பீர்கள். தவிடும் தூசியும் கலந்த காற்று அதற்குள் சுழன்று சுழன்று வரும். கனமானது ஓரத்தில் மோதிக் கீழே இறங்கும், காற்று மேலே போகும். ஜேம்ஸ் டைசன் என்ற இங்கிலாந்துக்காரர், மர அறுவை ஆலையில் இப்படி ஒரு கூம்பைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சின்னதாக்கி வீட்டு மெஷினுக்குள் வைத்தார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தாராம். ஆனால் டப்பா இருப்பதெல்லாம் கூம்பு மெஷின் இல்லை. விலை குறைந்த பலவற்றில் டப்பாவுக்குள் வெறும் வடிகட்டி மட்டும்தான் இருக்கும். கடைக்காரரிடம் கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

"செலவே இல்லை" என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. பை வாங்கும் செலவு இல்லை, சரி. வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். கழுவினால் நன்றாகக் காயும்வரை, ஒருநாள் முழுக்க, மெஷினைத் தொடக்கூடாது. ஈரத்தோடு மாட்டினால் மோட்டாருக்கும் கேடு, பூஞ்சையும் பிடிக்கும். வீசிங் உள்ள வீட்டில் பூஞ்சை வேறயா! வடிகட்டி கிழிந்தால் மாற்றவும் பணம் வேண்டும்.

பை உள்ளதில் தூசி பைக்குள்ளேயே அடைந்துவிடுகிறது. காகிதப் பை என்றால் வாயை மூடி அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். அதுதான் அதன் முக்கியமான லாபம். முக்கால் பை நிரம்பும் முன்பே மாற்றவேண்டும், இல்லாவிட்டால் இழுவை குறையும். ஒரு பை 100 ரூபாய், மாதம் ஒன்று என்று வைத்தால் வருடம் 1,200 ரூபாய். இதை யோசிக்காமல் வாங்கிவிட்டுப் பழைய காகிதப் பையையே தட்டித் தட்டி மாட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பை உள்ளதை வாங்கியதற்கே அர்த்தம் இல்லை. கம்பெனியே தரும் துணிப்பை திரும்பத் திரும்ப உதவும், ஆனால் உதறும்போது டப்பா கதைதான்.

ஆகவே எங்கள் கருத்தைக் கேட்டால், வீட்டில் வீசிங், தூசி ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் காகிதப் பை மெஷின். ஆனால் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பை நம் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல மெஷினும் வேண்டாம். யாருக்கும் அந்தத் தொந்தரவு இல்லை, நூலும் நீள முடியும் அதிகம் சேராத வீடு என்றால் பை இல்லாததே போதும். கொட்டுகிறவர் மூக்கில் துணி கட்டி, வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று கொட்டட்டும். ஹெப்பா வடிகட்டி என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். அசல் ஹெப்பா, 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். "ஹெப்பா மாதிரி" என்று எழுதியிருந்தால் அது வேறு.

எந்த மெஷினிலும் அடுப்புச் சாம்பலை இழுக்காதீர்கள். ஒரு கங்கு இருந்தால் பை பற்றிக்கொள்ளும். கோலமாவும் வேண்டாம், நொடியில் அடைத்துவிடும். கரண்ட் செலவு கேட்டார்கள். 1,200 வாட் மெஷின் தினம் 20 நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் வரும்.

இனி பணக் கணக்கு. அந்த விற்பனைக்காரர் சொன்னது முன்பணம் 1,500, பிறகு மாதம் 900 வீதம் 12 தவணை. மொத்தம் 12,300 ரூபாய். அதே அளவு மெஷின் திருப்பூர்க் கடையில் 7,200. குழுவில் அந்த 7,200-ஐ நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 600 அசல் கட்டினால், வருடத்துக்கு வட்டி 468 ரூபாய். ஆக 7,668. வித்தியாசம் 4,632 ரூபாய். நாங்கள் போர்டில் எழுதிக் காட்டியதும் ஆடம்பரம் என்று சொன்ன அக்காவே, "அவங்கிட்ட வாங்கறதுக்கு நாமளே குடுத்தறலாம்" என்றார். தவணைத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏமாற்றம் நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஆனால் அன்றே கடனைக் கொடுக்க நாங்கள் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது நடுக்கதவை மூடுவதுதான். தறியில் படியும் பஞ்சைச் சீமாறால் தட்டுவதும், காற்று அடித்து ஊதுவதும் தூசியை மூச்சுக்கே அனுப்புகிறது. வீட்டு மெஷின் தறிக்குடோனுக்குத் தாங்காது, அதன் மோட்டார் மணிக்கணக்கில் ஓடச் செய்தது இல்லை. அதற்கு டிரம் மாதிரி இருக்கும் பெரிய மெஷின் வேண்டும், நான்கைந்து தறி வீடுகள் சேர்ந்து வாங்கலாம். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். லீவு முடிந்து தறிக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருந்தால் அசட்டையாக இருக்காதீர்கள், பஞ்சுத் தூசி நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். டாக்டரிடம் காட்டுங்கள்.

படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்கும். மெத்தையில் மெஷின் ஓட்டினால் மேல்தூசி வரும், பூச்சி துணியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை நன்கு சூடான வெந்நீரில் துவைத்தால்தான் சாகும். இது மெஷின் இல்லாமலேயே செய்யக்கூடியது. பாப்பாவின் இன்ஹேலரை "பழக்கமாகிடும்" என்று நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

கதவை மூடி, நடுவில் கண்ணாடிச் சட்டம் வைத்து நூலைப் பார்க்க வழி செய்தார்கள். தரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். மையத்தின் மூன்றாவது மெஷினை, ஆமாம், மூன்றாவதும் வாங்கினோம், பை உள்ளதுதான், ஒரு மாதம் கொடுத்து வைத்தோம். ராத்திரி எழுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மாதம் முடிந்து குழு கூடி, பை உள்ள மெஷினுக்கும் ஒரு வருடத்துப் பைகளுக்கும் சேர்த்துக் கடன் தீர்மானம் போட்டது. சந்தா கட்டாத இரண்டு பேரில் ஒருவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். அவர் மிக்ஸிக்குக் கேட்ட கடனைப் போன வருடம் மறுத்தார்களாம். அதுவும் நியாயம்தான், அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துப் பேச வேண்டும்.

மையத்து மெஷின் இப்போது திரும்பி வந்துவிட்டது. வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருந்து, வாங்குவதற்கு முன் பார்க்க விரும்புகிறவர்கள் குழுத் தீர்மானத்தோடு வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் எடுத்துப் போகலாம். பையை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.