நகரும் கரையும் கணிதமும்

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கு அப்பால் கடலின் கரைக்கோடு ஒரு கணமேனும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை ஏறுங்கால் அது உள்ளே வருகின்றது, வடியுங்கால் விலகுகின்றது. கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்திலோ அலைதடுப்பு அணை அசையாது நிற்க, நீர் அதன்மீது மோதித் திரும்புகின்றது. முன்னதைக் கணிதர் நகரும் எல்லை என்பர். பின்னதை நிலையான எல்லை என்பர்.

கடலின் ஓட்டத்தைக் கணிப்போர் கடற்பரப்பைச் சிறு கட்டங்களாக வகுக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் உயரம், வேகம் ஆகியவற்றை அறிந்து, அடுத்த நொடியில் அவை எவ்வாறு மாறும் என்பதைக் கணினி கணிக்கின்றது. இம்முறையில் ஒரு கட்டத்தை அலை கடப்பதற்கு ஆகும் நேரத்தினும் கால அடி நீளுமாயின் கணக்கு நிலைகுலையும். கூரான்ற் முதலிய மூவர் 1928இல் வெளியிட்ட உண்மை இதுவாகும். 4,000 மீற்றர் ஆழத்தில் நெடிய அலை நொடிக்கு ஏறத்தாழ 200 மீற்றர் செல்லும். ஆகவே, 100 மீற்றர்க் கட்டத்துக்கு அரை நொடிக்கு மேற்பட்ட அடி பொருந்தாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அருகே பிறந்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. பின்னர்த் தென்முனையை வளைந்து மேற்குக் கரையையும் தாக்கியது. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்தீவில் மாண்டனர். இத்தகைய அலை எப்போது வரும் என்பதைக் கரையை ஒரு சுவராகக் கொண்டும் கணித்துவிடலாம். எந்த வீதிவரை நீர் ஏறும் என்ற வினாவுக்கோ அக்கணக்கில் விடையில்லை.

அதற்கு வழி இரண்டு. கரையோடு கட்டங்களையும் நகர்த்துவது ஒன்று. கட்டங்களை நிறுத்திவைத்து, ஒவ்வொன்றும் நனைந்ததா, உலர்ந்ததா என அடிதோறும் சோதிப்பது மற்றொன்று. அயற்கட்டத்தின் நீர்மட்டம் உலர்ந்த நிலத்தினும் உயர்ந்தால் நீர் உட்புகும். ஆழம் மிகக் குறைந்தால் அக்கட்டம் மீண்டும் நிலமாகும். நீர் பிரிந்தும் கூடியும் பரவும் நகரங்களுக்கு இரண்டாவது வழியே எளிது. ஆயினும், கணக்கில் இல்லாத நீர் தோன்றாமலும் உள்ள நீர் மறையாமலும் காத்தல் வேண்டும்.

கட்டத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. 500 மீற்றர்க் கட்டத்தில் வெள்ளவத்தைக் கால்வாய் தெரியாமலே போய்விடும். அதன் முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே நுழைவதை அக்கணக்கு காணாது. கால்வாய்க் கரையில் வாழும் குடும்பத்தின் வீடு, வரைபடத்தில் ஆபத்தற்ற இடமாகவே நிற்கும். எச்சரிக்கை வரைபடத்தின் ஒரு கோட்டை நம்பி மக்கள் ஓடவோ நிற்கவோ துணிகின்றனர். ஆதலின், அசையும் கரையை அசைவதாகவே கணிப்பது உயிர்காக்கும் கடமையாகின்றது.